சிவப்புத் துண்டு தோளில் இருந்தால்

மாப்பிள்ளை தன் எச்சில் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்ட கல்யாணம் உலகத்தில் ஒன்றுதான் நடந்திருக்கும். அது எங்கள் மாமா மகளின் கல்யாணம். கொச்சிப் பக்கத்துப் பள்ளுருத்தியில் நடந்தது. எடுக்க வைத்த புண்ணியவான் என் அண்ணன்.

முதல் பந்தி முடிகிற நேரம். மாப்பிள்ளை பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். அண்ணன் குறுக்கே போய் நின்றான். "அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்" என்றான். மாப்பிள்ளை ஏதோ வேடிக்கை என்று சிரித்துவிட்டு வலது பக்கமாக நழுவப் பார்த்தார். அண்ணனும் வலது பக்கம் நகர்ந்தான். இடது பக்கம் போனார். அங்கேயும் அண்ணன். "அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்." கோபமில்லை, கெஞ்சலுமில்லை, மூன்று தடவையும் ஒரே குரல். மாப்பிள்ளை வீட்டார் ஆலுவாக்காரர்கள். பெண் வீட்டில் இப்படி ஒரு வழக்கம் இருக்கும்போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார், பாவம். குனிந்து இலையை எடுத்தார். மாப்பிள்ளையே எடுத்தபின் அவர் அப்பா எடுக்காமல் இருக்க முடியுமா? அவரும் எடுத்தார். பிறகு ஆலுவா வரிசை முழுக்க ஆளுக்கொரு இலையோடு தொட்டியைப் பார்த்து நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

இந்தச் சட்டம் அண்ணன் போட்டதல்ல, அம்மா போட்டது. அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிற வேலை பார்த்தாள். மட்டாஞ்சேரியில் அவள் பங்குக்கு ஏழெட்டுத் தெருக்கள். விசேஷ நாட்களில் சில வீடுகளில் பின்வாசலில் இலை போட்டுச் சோறு கொடுப்பார்கள். சாப்பிட்டதும் இலையை அவளே எடுக்க வேண்டும். இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே தெரியும் என்று ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து அதற்கு ஒரு கௌரவம் கொடுத்துவிட்டாள். "நம்ம எச்சிலை எவனும் தொட வேண்டாம், எவன் எச்சிலையும் நாம தொட வேண்டாம். அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்." நான் இதைப் பாதி காதில் வாங்கினேன். அண்ணன் முழுசாக வாங்கிக்கொண்டான்.

அண்ணன் ஒரு சட்டத்தை வாங்கிக்கொண்டான் என்றால் அவ்வளவுதான். ஆள் பார்த்து நடப்பது, 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்' என்பது எதுவும் அவனிடம் செல்லாது. வாசலில் செருப்புகள் ஜோடியாக இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரமாட்டான், அது அடுத்த வீட்டு வாசலாக இருந்தாலும் சரி. தோளில் யாராவது கை வைத்தால் துள்ளி விலகுவான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா" என்பான். அது கேள்வியில்லை, பதில். இப்போது இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் அவனுக்கு இருந்த பெயர்களை எழுதினால் இந்தத் தாள் நாறும். அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது, எனக்குப் பத்தொன்பது.

அதிகாலையில் அம்மா வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவாள். அவன் குப்பை வண்டியைத் தள்ளுவான். தெருவின் நடுக்கோட்டில் நேராகத் தள்ளுவான், லாரியே வந்தாலும் லாரிதான் ஒதுங்க வேண்டும். இதைப் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். சம்பளப் பட்டியலில் இல்லாத ஆள் வண்டியைத் தொட்டால் அம்மாவின் வேலை போய்விடும் என்றார். எனக்கு இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை, ஏழு மணிக்குப் போயாக வேண்டும். அப்பா நான் பிறந்த வருஷமே போய்விட்டார். அண்ணனைப் பகலில் எங்கே விடுவது?

இங்கேதான் மாமா கல்யாணக் கடுப்போடு வந்து சேர்ந்தார்.

"தமிழ்நாட்டுல ஒரு எடம் இருக்கு. இவனை மாதிரி ஆளுகளை அங்க கொண்டு விட்டுருவாங்க. மரத்தடி, வேளைக்குக் கஞ்சி. ஒரு தொந்தரவும் இல்ல."

"கட்டிப் போடுவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஓடாம இருக்கத்தான். சும்மா ஒரு கால்ல."

"முதல்ல உங்க ஒரு கால்ல கட்டிட்டு அப்புறம் பேசுங்க மாமா" என்றேன். எனக்கு வாய் நீளம். அம்மா எழுந்து வந்து என் வாயிலேயே ஒன்று போட்டாள்.  கர்க்கடக மாத மழை முடியட்டும், சிங்ஙம் பிறந்ததும் வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாமா போனார். அம்மா 'சரி' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. சிங்ஙம் என்றால் மலையாளத்து ஆவணி. எங்களுக்கு இருந்தது ஒன்றரை மாதம்.

ஷெட்டில் கூட வேலை செய்த ஒருத்திதான் டீச்சரைப் பற்றிச் சொன்னாள். ஓய்வுபெற்ற தையல் டீச்சர். அவர் மகள் முப்பது வயதாகியும் பேச்சு வராமல் நாளெல்லாம் முனகிக்கொண்டிருப்பவள். "முப்பது வருஷம் என் மோள் ஜன்னல் வழி ரோட்டைப் பார்த்தது மதி, போதும். இனி ரோட்டுல இறங்கட்டும்" என்று டீச்சர் ஒரு முடிவு எடுத்து, வாயனசாலைக்காரர்களோடு மல்லுக்கட்டி மாடி அறையை வாங்கிவிட்டார். எங்கள் ஊரில் படிப்பகத்துக்கு வாயனசாலை என்று பெயர். சனிக்கிழமை மத்தியானம் அந்த மாடியில் ஆறு பேர் கூடுவார்கள், எல்லாரும் வளர்ந்தவர்கள். கூட வந்த அம்மாக்களும் அக்கா தங்கச்சிகளும் சுவரோரம் உட்கார்ந்திருப்போம். டீச்சர் பத்து வருஷம் கோயம்புத்தூரில் இருந்தவர். அவர் வாயில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடத்தும்.

என்னவெல்லாம் செய்தோம்! கேரம் விளையாடினோம். அண்ணன் காயைக் குழிக்குள் தள்ள மாட்டான், நடுவட்டத்தில் அழகாக அடுக்கி வைப்பான். அதைக் கலைப்பவன் அவனுக்கு எதிரி. வரிசையாகப் படகுத்துறை வரை நடந்து போய்த் திரும்பினோம். திரும்பும்போது சாயாக்கடையில் அவரவர் சாயாவை அவரவர் கேட்டு வாங்க வேண்டும் என்பது டீச்சரின் பாடம். அண்ணனிடம் இத்தனை வருஷமாக எல்லாரும் எப்படிக் கேட்டார்களோ அப்படியே அவன் கேட்டான். கடைக்காரர் முன்னால் போய் நின்று, "சாயா வேணுமா?" என்றான்.

"வேண்டா மோனே, நான் இப்பத்தான் குடிச்சு" என்றார் கடைக்காரர், மிகுந்த மரியாதையோடு.

அண்ணன் நகரவில்லை. "சாயா வேணுமா?" கடைக்காரர் மறுபடியும் வேண்டாம் என்றார். இப்படி நாலு தடவை. உபசாரம் தாங்க முடியாமல் கடைக்காரரே ஒரு சாயா ஊற்றிக் குடித்துவிட்டார். அடுத்த வாரம் டீச்சர் முதலில் போய்க் கடைக்காரரிடம் விஷயத்தை விளக்கினார். அதன் பிறகு அண்ணன் படியேறி "சாயா வேணுமா?" என்றால், கடைக்காரர் "வேணும் வேணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் தம்ளரை நிரப்புவார்.

ஆனால் விளையாட்டும் சாயாவும் மாமாவிடம் செல்லாது. தினமும் போய்வர ஒரு வேலை வேண்டும். டீச்சர் பழைய பத்திரிகைத் தாளில் மளிகைக்கடைக் கவர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் முனகிக்கொண்டே மணிக்கு ஒரு அடுக்கு ஒட்டுவாள். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? தாளில் மனுஷ முகம் எங்கே வந்தாலும் அதன் மேல் பசை தடவ மாட்டேன் என்றான். முகத்தைச் சுற்றி வெட்டி எடுத்துத் தனியாக அடுக்கினான். மிச்சத்தில் கவர் ஒட்டினான். மந்திரிகள் நிறைய வாழ்ந்த காலம் அது. பக்கத்துக்கு நாலு முகம். அண்ணன் ஒட்டிய கவர்களில் சர்க்கரை போட்டால் நாலு ஓட்டை வழியாகவும் கொட்டும்.

"இவனுக்கு ஒரு வேலையும் சரிவராது டீச்சர்" என்று நான் கவர்க்கட்டைத் தூக்கி எறிந்தேன்.

"நீ சூடாகண்டா. வேலைக்கு இவன் சரியா இல்லியோன்னு நோக்குறே. இவனுக்கு எந்த வேலை சரின்னு நோக்கணும்." நான் எறிந்த கவர்க்கட்டை டீச்சர் என் கையாலேயே பொறுக்க வைத்தார். பிறகு அண்ணனையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்துல என்ன செய்தான், ஒண்ணுகூடி பற" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன இடம் பஜாரில் இருந்த ஒரு சாப்பாட்டு ஓட்டல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் நடத்தியது. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவருக்கு அப்போது ஒரே தலைவலி, இலை எடுக்க ஆள் நிற்பதில்லை. வருகிறவன் பத்து நாள் எடுப்பான், பதினோராம் நாள் கல்ஃபுக்கோ பம்பாய்க்கோ கிளம்பிவிடுவான். டீச்சர் அவரை வாயனசாலை மாடிக்கே இழுத்து வந்துவிட்டார்.

அண்ணாச்சி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏல, இலை எடுப்பியா?"

"இலை எடுப்பியா" என்றான் அண்ணன்.

"என்னயவா கேக்கான்?"

"ஆமான்னு சொல்றான் அண்ணாச்சி" என்றேன் அவசரமாக.

"சரி. ரெண்டு வாரத்துல சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க. ஒரு வாரம் வச்சுப் பாக்கேன். ஒத்து வந்தா இருக்கட்டும். வரலைன்னா என்னயக் குத்தம் சொல்லப்படாது."

அன்று வீட்டில் பெரிய ரகளை. அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். "ஊருக் குப்பையை நான் அள்ளுறேன், அதோட போதும். என் புள்ளை ஊரு எச்சிலை எடுக்கணுமா? இதுக்கா நீ சனிக்கெழமை சனிக்கெழமை அவனைச் சிங்காரிச்சுக் கூட்டிட்டுப் போனே?"

"கால்ல சங்கிலி போட்டுக்கிட்டுக் கஞ்சி குடிக்கிறதுக்கு இது மட்டமா?" என்றேன். அம்மா கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாத்தினாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தடுக்கவில்லை.

சனிக்கிழமை மட்டும் போதாது என்று, தினமும் நான் ஷெட் விட்டு வந்ததும் மாடியிலேயே ஓட்டல் வைத்தோம். டீச்சர் தோட்டத்து வாழையிலை, பெஞ்சு, சோற்றுக்குப் பதில் பொரி. மற்ற ஐந்து பேரும் சாப்பிட வந்தவர்கள். அண்ணன் இலை எடுக்க வேண்டும். எடுப்பானா? ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்." ஐந்து பேரும் சமர்த்தாக எடுத்துப் போட்டார்கள். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நான் கத்திவிட்டேன். "அது வீட்டுலடா! இது ஓட்டல்டா! ஒனக்கு மண்டையில ஏறவே ஏறாதா?" அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது. அவன் பக்கத்தில் நானும் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

டீச்சர் வந்து என் பக்கத்தில் நின்றார். இப்போது மூன்று பேர் சுவரைப் பார்த்து நின்றோம். "அம்ம கொடுத்த சட்டத்தை நீ பிடுங்கண்டா மோளே. அது அவன்ட கையில இருக்கட்டும். நீ வேறொண்ணு கொடு."

வேறொன்று என்ன? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் பொறி தட்டியது. அண்ணன் டிக்கெட் காசைத் தோளில் பை மாட்டிய ஆளிடம்தான் கொடுப்பான். கண்டக்டர் பையைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டுக் கை நீட்டினால் கொடுக்க மாட்டான். ஆள் முக்கியமில்லை, பைதான் முக்கியம். மறுநாள் பஜாரில் ஒரு சிவப்புத் துண்டு வாங்கினேன். அதை நாலாக மடித்து அவனிடம் நீட்டினேன். தோளில் நான் போட்டால் துள்ளுவான் என்று தெரியும், அவனே போட்டுக்கொண்டான்.

"சிவப்புத் துண்டு தோள்ல இருந்தா நீ எடுக்கணும். இலை மடக்கியிருந்தா எடுக்கணும். மடக்கலைன்னா சாப்பாடு முடியலை, தொடக் கூடாது."

அவன் துண்டைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான். பிறகு நேராகப் போய் மடக்கியிருந்த முதல் இலையை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு இடத்தைத் துடைத்தான். டீச்சர் மகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பொரி விழுவதற்கு முன்பே இலையை மடக்கிவிடுவாள். அவன் எடுப்பான். நான் புது இலை போடுவேன். அவள் மடக்குவாள். டீச்சர் தோட்டத்து வாழை மொட்டையானதுதான் மிச்சம்.

ஓட்டலில் அந்த ஒரு வாரமும் நான் ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் வெங்காயம் உரித்தபடி அவன் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். முதல் மூன்று நாள் என் கண்ணே பட்டிருக்கும். பாத்திரச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு. தோளில் துண்டு. இலை மடங்கிய அடுத்த நொடி மேஜை பளிச். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டார். நான் மனசுக்குள் மாமாவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஆளுக்கொரு சாப்பாடு. அவர் சோற்றோடு மல்யுத்தம் நடத்தி ஒருவழியாக ஜெயித்தார். எதிர் மேஜைக்காரரைப் பார்த்து, அவர் செய்த மாதிரியே இலையையும் மடக்கினார். அந்த அம்மா மடக்கவில்லை. பாதி ரசத்தோடு அப்படியே எழுந்து, கை கழுவி, தெருவில் இறங்கிவிட்டார்கள். அண்ணன் அவர் இலையை எடுத்தான். அந்த அம்மாவின் இலை முன்னால் நின்றான். பத்துப் பேர் இடத்துக்குக் காத்திருந்தார்கள். "ஏல, எடுல!" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். அண்ணன் தொடவில்லை. மடக்காத இலை என்றால் சாப்பாடு முடியவில்லை. சாப்பிடுகிற அம்மாவோ யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அவன் யோசித்தான். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் இலையை அப்படியே ஏந்திக்கொண்டு அவர்கள் பின்னாலேயே கிளம்பினான்.

நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பஜார் தெருவில் மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகள், ஆட்டோக்கள், ஆட்கள். நடுக்கோட்டில் என் அண்ணன், கையில் விரித்த இலை. "எந்தா சேட்டா, பார்சலா?" என்று ஒருவன் கிண்டலடித்தான். அண்ணனுக்கு அதெல்லாம் காதில் விழாது, காதில்தான் பஞ்சு இருக்கிறதே. ஜூ டவுனில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் அவர்களைப் பிடித்துவிட்டான். அந்த அம்மா ஒரு பித்தளை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் தான் சாப்பிட்ட இலை! ரசம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"மடக்கணும்" என்றான் அண்ணன்.

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். புருஷன் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் மேலும் கீழும் குதித்தார், "கஸ்டமரை ஓட்டாதேடா!" எனக்கு மூச்சு வாங்கியது, அதோடு இங்கிலீஷும் வரவில்லை. இரண்டு கையையும் நீட்டி, இல்லாத ஒரு இலையைக் காற்றில் மடக்கிக் காட்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடையில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் மடியின் உயரத்துக்கு இலையைத் தாழ்த்தினான். அவர் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து மடக்கினார். அண்ணனுக்கு முகமெல்லாம் நிம்மதி. மடங்கிய இலையோடு திரும்பி நடந்தான்.

வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புத்தான். போச்சு, எல்லாம் போச்சு, மாமா ஜெயித்துவிட்டார். ஓட்டலில் மூன்று மேஜையில் இலைகள் கிடந்தன, ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் யாரையும் பார்க்காமல் உள்ளே போய் அந்த இலையைத் தொட்டியில் போட்டான். கையைக் கழுவினான். அந்த அம்மா இருந்த இடத்தைத் துடைத்தான். பிறகு அடுத்த மேஜைக்குப் போனான்.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நான் அழத் தயாராக நின்றேன்.

"இருபது வருசமா ஓட்டல் நடத்துதேன்" என்றார். "இலை எடுக்க வந்தவன் ஓடிப் போனதுதான் பாத்திருக்கேன். இலையோட ஓடினவன் இவன் ஒருத்தன்தான். அதுலயும் பாரு, ஓடினவன் திரும்பி வந்துட்டாம்ல!" அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, கை கழுவப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சேட்டா, இலை மடக்கிட்டுப் போணும். மடக்காத இலைக்கு இங்க ஆள் கெடையாது!"

அன்றிலிருந்து அது அந்த ஓட்டலின் சட்டமாகிவிட்டது. வேறு எந்த ஓட்டலில் எப்படிச் சாப்பிட்டாலும், இங்கே பஜார்க்காரர்கள் மடக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். யாராவது மறந்தால் பக்கத்து இலைக்காரர் இடித்துச் சொல்வார்.

சிங்ஙம் பிறந்து மூன்றாம் நாள் மாமா பையோடு வந்தார். அண்ணன் வீட்டில் இல்லை. "வேலைக்குப் போயிருக்கான்" என்றேன், அந்தச் சொல்லை நாக்கில் உருட்டி அனுபவித்து. மாமா நம்பவில்லை. "எங்க, காட்டு" என்றார். அம்மாவும் கிளம்பினாள். அதுவரை அவள் ஓட்டல் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அந்தத் தெருவைக் கூட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டுவாள்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க தாயி. உள்ள வந்து உக்காருங்க, சாப்பிடுங்க." அம்மா வாசலிலேயே நின்றாள். "நாங்க பின்னால..." என்று ஆரம்பித்தாள். "பின்னால அடுப்புதான் இருக்கு, அதுல உக்காரப் போறியளா?" என்றார் அண்ணாச்சி. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் நடு மேஜையில் உட்கார வைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. ஒவ்வொரு வாயும் யாருக்கோ பயந்த மாதிரி சாப்பிட்டாள். அண்ணன் சுவரோரம் நின்றிருந்தான். அவன் எங்களைக் கண்டுகொள்ளவில்லை, இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துவிட்டாள். இடது கை மேஜையைத் துடைக்கத் தண்ணீரைத் தேடியது. மாமாவும் எழுந்து தன் இலையை எடுத்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளை எடுத்ததற்கு அந்தக் குதி குதித்தவர், இங்கே யாரும் சொல்லாமலே எடுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு இலையோடு தொட்டி எங்கே என்று முழித்தார்கள். கடை முழுக்கப் பார்த்தது.

அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"உக்காரு. வை. மடக்கு."

"அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்டா" என்றாள் அம்மா, அவன் சட்டத்தை அவனுக்கே ஞாபகப்படுத்துகிறவள் மாதிரி. 

அண்ணன் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். "துண்டு இருக்கு."

அம்மா வலது பக்கமாக விலகப் பார்த்தாள். அவனும் வலது பக்கம் நகர்ந்தான். எனக்குத் தெரியும், இனி அவள் தப்ப முடியாது. "துண்டு இருக்கு. உக்காரு." அம்மா உட்கார்ந்தாள். சுருட்டிய இலையை மேஜையில் வைத்து விரித்து, மெதுவாக மடக்கினாள். அவள் ஐம்பது வயசில் ஒரு இலையைச் சும்மா மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. மாமாவும் பொத்தென்று உட்கார்ந்து மடக்கினார். அண்ணன் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து அம்மாவின் முன்னால் மேஜையைத் துடைத்தான். அம்மா அந்த ஈர இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா பையை எடுத்துக்கொண்டார். "நான் பள்ளுருத்தி பஸ்ஸைப் பிடிக்கிறேன்" என்றார். அந்தத் தமிழ்நாட்டு இடத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

சாயங்காலம் அண்ணன் வரும்போது அண்ணாச்சி எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். பொட்டலத்து இலையிலேயே சாப்பிட்டோம். நான் என் இலையை எடுத்துப் போட்டேன். அண்ணன் அவன் இலையை எடுத்துப் போட்டான். அம்மா மட்டும் இலையை மடக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பார்த்தான். "அவங்கவங்க எச்சில் அவங்கவங்க எடுக்கணும்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புத் துண்டை எடுத்தாள், நாலாக மடித்துக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். அவன் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அம்மா திரும்பப் போய்த் தன் இலை முன்னால் உட்கார்ந்தாள்.